வினை என்று சொல்லி விலகலாமா?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், குணமாக்க முடியாத வருத்தத்தோடு ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சுகள் எழும். "எல்லாம் முன்வினை, அனுபவிச்சுத்தான் தீர்க்க வேணும்" என்பது ஒன்று. "அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க டொக்டர்" என்பது மற்றது. முதற்பேச்சு நோவைத் தாங்கச் சொல்கிறது; அடுத்தது உண்மையை மறைக்கச் சொல்கிறது. இரண்டிலும் கல்மனம் கிடையாது. பக்தியும் பாசமும்தான் அப்படிப் பேச வைக்கின்றன. அதனாலேயே இவற்றுக்கு மருந்துச் சீட்டால் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. சமயத்தின் பேரால் எழும் கேள்விக்குச் சமயத்துக்குள் நின்றே விடை தேட வேண்டும். அப்படித் தேடினால், கடைசிக் காலத்து நோவைத் தணிப்பதும், நோயாளி அறிய விரும்பும் உண்மையை அவருக்கு மறுக்காதிருப்பதும் இந்தக் கரைகளில் வழங்கும் எல்லாச் சமயங்களும் நம்மேல் சுமத்தும் கடமை என்பதே விடையாக வருகிறது.

முதலில் வினை. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இந்த உடம்போடு அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். பிராரத்தத்தை நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்பது சித்தாந்தம். அப்படியானால் மருந்து கொடுத்து நோவைக் குறைப்பது கழிய வேண்டியதைக் கழிய விடாமல் தடுப்பதாகாதா, மிச்சம் அடுத்த பிறவிக்குப் போகாதா என்று ஒருவர் கேட்டால், அதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் இந்தக் கேள்விக்கு நாயன்மார்களின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. மருள்நீக்கியார் சமணத்தில் தருமசேனராக இருந்தபோது அவரைச் சூலை பற்றியது. பெரிய புராணத்தின்படி, தமக்கையார் திலகவதியாரின் வேண்டுதலுக்கு இரங்கி அந்தச் சூலையைக் கொடுத்தவர் சிவபெருமானே. நோவு தாளாமல் திருவதிகைக்கு வந்தவர், தமக்கையார் தந்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, குடலை முறுக்கும் அந்த வலியைத் தீர்க்கும்படி முறையிட்டே தம் முதற்பதிகத்தைப் பாடினார். சூலை தீர்ந்தது, அவர் நாவுக்கரசரானார். இறைவனே அனுப்பிய நோவைக்கூடத் தீர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றால், வேறெந்த நோவைத் தீர்க்கக் கேட்பது குற்றமாகும்?

திருஞானசம்பந்தர் இன்னும் நேராகவே பேசுகிறார். இன்று திருச்செங்கோடு எனப்படும் கொடிமாடச் செங்குன்றூரில் அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது பாடப்பட்டது திருநீலகண்டப் பதிகம். முன்செய்ததற்கு இது பலன் என்று பேசத் தெரிந்த நீங்கள், அதிலிருந்து உய்யும் வழியைத் தேடாதிருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்டுத்தான் அந்தப் பதிகம் தொடங்குகிறது. வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. வினையைச் சாக்காக வைத்துக் கைகட்டி நிற்பதையே மறுக்கிறார். இதைச் சித்தாந்தத்தின் மொழியிலேயே சொல்லலாம்: படுத்திருப்பவருக்கு அந்த நோ பிராரத்தமாக இருக்கக்கூடும், மருந்து இருந்தும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஆகாமியம். பிறர் கணக்கை நாம் படிக்க முடியாது. நம் கணக்கில் எதை ஏற்றுகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நடைமுறையிலும் நாம் வினையை இப்படி எல்லா இடத்திலும் கொண்டுவருவதில்லை. படுவான்கரை வயலில் பாம்பு கடித்தவரை வினை என்று வரம்பில் விட்டுவிட்டு யாரும் வீடு திரும்புவதில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறோம். குணமாக்க முடிந்த நோய்க்குப் பொருந்தாத வாதம், குணமாக்க முடியாத நோய்க்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

நாட்டின் பெரும்பான்மைச் சமயமான பௌத்தமும் இதில் தெளிவாக இருக்கிறது. உடல் உபாதை எல்லாம் முற்செயலின் பலனா என்று சீவகன் என்ற பரிவிராசகன் கேட்டதற்கு, பித்தம், சளி, வாயு, இவை மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக்குறைவு, தாக்குதல் எனப் பல காரணங்களை எண்ணிச் சொல்லி, வினையை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைக்கிறார் புத்தர் என்று சங்யுத்த நிகாயம் காட்டுகிறது. இந்த மண்ணின் சொந்த வழிபாடும் அதே பக்கந்தான் நிற்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறந்து, நாட்கணக்கில் சடங்கு நடந்து, கடைசியில் குளிர்த்தி பாடப்படுகிறது. மதுரையை எரித்த அம்மனின் வெம்மை தணிய வேண்டும், அம்மை நோயும் வெக்கையும் ஊரை விட்டு நீங்க வேண்டும் என்பதே அந்தச் சடங்கின் வேண்டுதல். வெம்மையைத் தெய்வத்தின் கோபம் என்று நம்பிய சனங்களே அது அப்படியே எரிந்து முடியட்டும் என்று விடவில்லை. குளிர்விக்க வழி தேடினார்கள். மனிதருக்குச் செய்யும் தொண்டே இறைவழிபாடு என்ற இராமகிருஷ்ண மிஷனின் நெறியைச் சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் ஊன்றியபோது, இந்த மண்ணில் அது அந்நியமாகத் தோன்றாததற்கு இந்த மனப்பாங்கும் ஒரு காரணம்.

துன்பத்துக்குத் தூய்மைப்படுத்தும் வல்லமை உண்டு என்பது கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஏற்கும் கருத்து. சிலுவையோடு தம் நோவை ஒப்புக்கொடுக்கும் கத்தோலிக்கரும், சபூரோடு பொறுத்துப் பாவமன்னிப்பை எதிர்பார்க்கும் முஸ்லிமும் மதிப்புக்குரியவர்கள். ஆனால் ஒருவர் தாமே ஏற்றுக்கொள்ளும் நோவு வேறு. அடுத்தவர் தலையில் நாம் கட்டும் நோவு வேறு. 1957இல் மயக்க மருந்து நிபுணர்கள் முன் பேசிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், வேறு வழியில்லாதபோது, நோயாளி தம் மற்றச் சமய, அறக் கடமைகளை நிறைவேற்றத் தடையில்லை என்றால், ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்று தெரிந்தாலும் நோவைத் தணிக்கும் மருந்தைக் கொடுக்கலாம் என்றார். நோக்கம் நோவைத் தணிப்பதே, உயிரைப் போக்குவதல்ல என்பது அதன் அடிப்படை. இஸ்லாத்தில் நோய்க்கு மருந்து தேடுவது நபிகளார் ஊக்கப்படுத்திய செயல். போதைக்காக அருந்துவது ஹராம். மருத்துவத் தேவைக்காக, மருத்துவர் கணக்கிட்ட அளவில் உட்கொள்வது ஆகுமானது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஒரு வாப்பா நோவு தணிக்கும் மோர்பின் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால், அந்தத் தயக்கத்தைத் தீர்க்க வேண்டியவர் டொக்டர் மட்டுமல்லர், மௌலவியுந்தான்.

பாப்பரசர் வைத்த நிபந்தனையை இன்னும் ஆழமாக எண்ணிப் பார்க்க வேண்டும். சாகும் மனிதருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் உண்டு என்பதில் எல்லாச் சமயங்களும் ஒன்றுபடுகின்றன. சைவர் நீறணிந்து ஐந்தெழுத்தில் நினைவை நிறுத்த வேண்டும். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் நற்கருணையும் உண்டு. முஸ்லிம் கடன்களைத் தீர்த்து, வஸிய்யத் சொல்லி, மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கலிமாவோடு கண்மூட விரும்புகிறார். இவை எல்லாவற்றுக்கும் தெளிந்த மனமும், காலம் குறுகிவிட்டது என்ற அறிவும் தேவை. எலும்புக்குள் பரவிய புற்றுநோயின் வலி உச்சத்தில் இருக்கும்போது மனிதருக்கு உடம்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. கும்பிடக் கையெடுக்கவும் வராது, பெற்ற பிள்ளையின் முகம்கூட மனதில் நிற்காது. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், உடல் நோ, மனத் துயர், குடும்பக் கவலை, ஆன்ம வேதனை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிய முழுத் துன்பம் என்று இதை விளக்கினார். உடல் நோவைத் தணிக்காமல் ஆன்மாவைப் பற்றிப் பேசப் போவது வீண். சமயக் கடமைக்கு இடையூறாக நிற்பது பெரும்பாலும் நோவே. மருந்து அந்த இடையூறை அகற்றுகிறது.

மருந்தைப் பற்றிய அச்சங்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும். மோர்பின் என்றாலே இது கடைசி மருந்து, கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், பிழைத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் வீடுகளில் உண்டு. வைத்தியர்கள் சிலரிடமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்குப் படிமுறை ஒன்றை வகுத்துத் தந்தது: பரசிட்டமோல் போன்றவை முதற்படி, கோடீன் போன்றவை அடுத்தபடி, அவையும் போதாதபோது மோர்பின், இயன்றவரை வாயால், நேரம் தவறாமல். சாதாரண மோர்பின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் தணியும். ஆகவே நோ திரும்பிவரும்வரை காத்திராமல் அடுத்த வேளையைக் கொடுக்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, நோவைப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் மூச்சடங்குவது அரிது. ஆரம்பத் தூக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் விலகிவிடும். மலச்சிக்கல் விலகாது, அதற்கு மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கூடக் கொடுக்க வேண்டும். புற்றுநோய் வலிக்கு முறையாகக் கொடுக்கப்படும் மருந்தால் போதைப் பழக்கம் உண்டாவதும் அரிது. ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு எதிரான சான்று ஒன்று 2010இல் வந்தது: நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே நோய்த் தணிப்புப் பராமரிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம்.

இனி உண்மை. வருத்தத்தின் பேரைச் சொன்னால் மனமுடைந்து முன்னமே போய்விடுவார் என்பது குடும்பத்தின் அச்சம். குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையின் இடத்தில் வள்ளுவரே வைத்தாரே என்று துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை இந்தப் பொய் நிறைவேற்றுகிறதா? புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமவுக்கு அனுப்புகிறோம் என்று சொன்ன உடனேயே என்ன வருத்தம் என்பது இந்நாட்டில் எவருக்கும் தெரிந்துவிடும். புற்றுநோய்ப் பிரிவின் வாங்கில் காத்திருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் கதை கேட்கிறது. அவருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் தெரியாததுபோல் நடக்கிறார்கள். தனக்குள்ள பயத்தைச் சொல்லி அழ ஆளில்லாமல், நிறைந்த வீட்டுக்குள் அவர் தனித்துப் போகிறார். யுத்தத்திலும், 2004 ஆழிப்பேரலையிலும், 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பிலும் ஒரு சொல்கூடப் பேசாமல் பிரிந்தவர்களை இந்த மண் நிறையக் கண்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்காத அவகாசம் நோயாளிக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பொய்யால் பறிப்பது எப்படிக் குற்றமற்ற நன்மையாகும்?

எல்லாவற்றையும் நோயாளியிடம் கொட்டுவது மேற்கத்தியத் தனிமனிதப் பழக்கம், நமக்குக் குடும்பந்தானே பெரிது என்று மறுப்பார்கள். கொட்டச் சொல்லவில்லை; கேட்கச் சொல்கிறோம். கெட்ட செய்தியைச் சொல்ல 2000இல் வகுக்கப்பட்ட ஆறு படி முறையிலும், வாய் திறந்து சொல்வதற்கு முன் நோயாளி என்ன விளங்கியிருக்கிறார், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பதே வருகிறது. "உங்கட வருத்தத்தைப் பற்றி நீங்க என்ன நினைச்சிருக்கிறீங்க? நான் விளக்கமாச் சொல்லவா, மகனோட கதைக்கவா?" என்று கேட்டால், "மகனோடயே கதையுங்க" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அப்போது குடும்பம் பேசுவது அவர் தந்த அதிகாரத்தால். அவரைக் கேட்காமலே அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்வதுதான் பிழை. நாள் குறிக்கவும் வேண்டாம், வீண் நம்பிக்கை ஊட்டவும் வேண்டாம். "வருத்தத்தை மாற்ற ஏலாது, நோவை எங்களால் குறைக்க ஏலும், உங்கள விட்டுப் போகமாட்டம்" என்பது உண்மையும் நம்பிக்கையும் சேர்ந்த பேச்சு.

இதெல்லாம் ஏழை நாட்டுக்கு ஆகுமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. உலகில் ஆண்டுதோறும் விநியோகமாகும் மோர்பின் வகை மருந்து 298.5 தொன் என்றும், அதில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன் மட்டுமே என்றும் லான்செட் ஆணைக்குழு 2017இல் கணக்கிட்டது. மோர்பின் விலை குறைந்த மருந்து. குறைவாக இருப்பது அக்கறை. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நம்மைப்போலவே கலந்து வாழும் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய சிறு சங்கம், அயலவரே தொண்டர்களாகி வீடு தேடிச் செல்லும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. இலங்கை சுகாதார அமைச்சும் 2019–2023 காலத்துக்கு நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய திட்டச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. மருத்துவம் இலவசமான நாட்டில், நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவும் இருக்க, வாவிக்கு அப்பால் படுத்திருப்பவரிடம் மாத்திரையையும் ஆறுதலையும் கொண்டு சேர்ப்பது அரசால் மட்டும் முடிகிற காரியமல்ல. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்திலிருந்து பார்ப்பவரையும் மருத்துவத்தின் நாலாவது கூறாக வைத்தது. அந்த நாலாவது இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாங்கள்.

ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் ஊருக்கு ஐந்து பேரையாவது பயிற்றுவித்து, ஆஸ்பத்திரியோடு இணைத்து, வாரம் ஒருமுறை நோயாளர் வீடுகளுக்கு அனுப்பட்டும். குருக்களும் கண்ணகி கோயில் கப்புகனாரும் மௌலவியும் பாதிரியாரும் ஒரே ஒரு பிரசங்கத்திலாவது, நோவைத் தணிக்கும் மருந்தை உட்கொள்வது பாவமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். அவர்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல், எந்த மருத்துவரின் விளக்கத்தையும்விட விரைவாக வீடுகளுக்குள் நுழையும்.