வழக்கைத் தீர்க்கும் இறையச்சம்

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

தகப்பனாரின் கபுர் மண் காய்வதற்குள் பிள்ளைகள் வீட்டை அளக்கக் கயிறு பிடித்து விடுகிறார்கள். ஒரே தாய்ப்பால் குடித்தவர்கள் ஒரே ஸஃப்பில் நிற்க மறுக்கிறார்கள். அரையடிச் சுவருக்காக வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் அந்த மனையின் விலையையே தாண்டி விடுகிறது. நம்மில் எத்தனை குடும்பங்களில் இந்தக் கதை!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்துக்கும் இத்தகைய வழக்கு ஒன்று வந்தது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இருவருக்கிடையே பழைய வாரிசுச் சொத்து. இரு தரப்பிலும் சாட்சி இல்லை, வாய்ச்சொல் மட்டுமே. அண்ணலார் அவர்களுக்கு உணர்த்தியதன் கருத்து இதுதான்: தாமும் ஒரு மனிதரே. வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை மிக்கவராக இருக்கலாம். காதில் கேட்டதைக் கொண்டே தாம் தீர்ப்பளிக்க நேரும். அதனால் தம் சகோதரனின் உரிமை எவர் கைக்கேனும் வந்து விட்டால், அவர் அதைத் தொடவே வேண்டாம். அது நெருப்புத் துண்டு.

இதைக் கேட்டதும் இருவரும் அழுது விட்டார்கள். வாதாட வந்தவர்கள், தம் உரிமையை அடுத்தவருக்கே விட்டுக் கொடுக்க முன்வந்தார்கள். அண்ணலாரோ அந்த அழுகையோடு விட்டு விடவில்லை. நியாயத்தை நாடிப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்துக் கொண்டு, பிறகு ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுமாறு வழிகாட்டினார்கள்.

சிந்திப்போமாக! வஹீ வந்த நபியின் தீர்ப்பே பிறர் பொருளை ஹலாலாக்காது என்றால், கோர்ட்டுத் தீர்ப்பும் ஜமாஅத்தின் முடிவும் ஆக்கி விடுமா? முத்திரையிட்ட அந்தக் காகிதம் கபுருக்குள் துணை வருமா?

நாம் கோபத்தில், "அல்லாஹ் கேட்பான்" என்கிறோம். அடுத்த வீட்டாரை மட்டும்தான் கேட்பானா? நம்மைக் கேட்க மாட்டானா? கடுகளவு செயலும் நீதித் தராசில் கொண்டு வரப்படும் என்று அன்பியா அத்தியாயத்தின் 47ஆவது வசனம் எச்சரிக்கிறது. நமக்கோ பெற்றோருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டுமென்பது அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் இடும் கட்டளை. ஆகவே அல்லாஹ்வின் நீதியை நம்புவது என்றால், முதலில் நம் கணக்கைச் சரி பார்ப்பதுதான்.

கடன் தகராறில் கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்களும் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களும் பள்ளியில் குரல் உயர்த்தியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளி விடும்படி கஃபுக்குச் சைகை செய்தார்கள். அவர் உடனே இசைந்தார். மற்றவரை உடனே எழுந்து மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள் என்று புகாரியில் வருகிறது. ஒருவர் விட்டுக் கொடுத்தார். மற்றவருக்கும் தாமதிக்க இடமில்லை. இதுவே ஸுல்ஹு.

ஆனால் ஸுல்ஹின் பெயரால் அநீதி கூடாது. ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் செல்லாது என்பது நபிமொழி. 'குடும்ப மானம்' என்று சொல்லிச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது சமாதானமன்று. அவர்களின் பங்கை அல்லாஹ்வே விதித்திருக்கிறான். பங்கை முதலில் அவர்கள் கையில் கொடுப்போம். அதன் பிறகு மனமுவந்து தந்தால்தான் அது அன்பளிப்பு.

வரும் ஜும்ஆவுக்குள், பேச்சு நின்று போன உறவின் வாசலுக்கு நாமே சென்று முந்திக் கொண்டு ஸலாம் சொல்வோம். நேர்மையான இருவரை நடுவில் வைத்துப் பேசித் தீர்ப்போம். உள்ளங்களை அறியும் நீதியாளன் முன் பிறர் பொருள் சுமக்காதவர்களாக நிற்கும் பாக்கியத்தை அவன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.