அறியப்படாதவர் என்று அறிவிக்கும் உரிமை

1984 மே 28 அன்று, வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில், வியட்நாம் போரில் மாண்ட 'பெயர் அறியா வீரர்' ஒருவரை அமெரிக்கா அடக்கம் செய்தது. அதிபர் ரொனால்டு ரீகன் நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனரை அந்தப் பெயரற்றவருக்கு வழங்கினார். பேழைக்குள் இருந்தவை ஆறே எலும்புகள். அந்த எலும்புகளோடு ஒரு காலத்தில் ஒரு பெயரும் சேர்ந்திருந்தது.

மைக்கேல் பிளாசி. விமானப்படை லெப்டினன்ட், வயது 24. 1972 மே 11 அன்று தென் வியட்நாமின் ஆன் லாக் நகருக்கு அருகே அவர் ஓட்டிய ஏ-37 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. நகரைச் சுற்றி வட வியட்நாம் படையின் முற்றுகை. உடலைத் தேடி எடுக்க வழியில்லை. சில மாதங்கள் கழித்து அங்கே சென்ற தென் வியட்நாம் ரோந்துப் படையினர் எலும்புகளை எடுத்தார்கள். கூடவே விமானி உடையின் கிழிசல், பாராசூட் துண்டு, பிளாசியின் அடையாள அட்டை. அட்டை பின்னர் தொலைந்துபோனது. எலும்புகள் 'பிளாசி என நம்பப்படுகிறது' என்ற குறிப்போடு ஆண்டுக்கணக்கில் இருந்தன. 1980இல், உயரமும் வயதும் ரத்த வகையும் பொருந்தவில்லை என்று சொல்லி அந்தக் குறிப்பை நீக்கி, எக்ஸ்-26 என்று எண்ணிட்டார்கள். எலும்புகள் கிடைத்த செய்தியே அவருடைய குடும்பத்துக்குச் சொல்லப்படவில்லை.

1998 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சி இதை வெளிக்கொண்டுவந்தது. குடும்பம் கல்லறையைத் திறக்கச் சொன்னது. திறக்கலாமா?

கூடாது என்றவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கது அல்ல. வியட்நாமிலிருந்து திரும்பாமலும் உடல் கிடைக்காமலும் போன அமெரிக்கர்கள் அப்போது இரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களுடைய தாய்மாருக்கு அந்தக் கல்லறை ஒன்றுதான் போய் நிற்க ஓர் இடம். யாரென்று தெரியாததால்தான் உள்ளே இருப்பவர் எல்லாருக்கும் பிள்ளையாக இருக்க முடிந்தது. ஒரு வீட்டுக்குப் பெயரைக் கொடுத்தால், மற்ற வீடுகளிலிருந்து அவரை எடுத்துக்கொண்டதாகிவிடும். மண்ணுக்குள் வைத்தவரை மறுபடி தோண்டக் கூடாது என்ற தயக்கமும் இதோடு சேர்ந்தது. இந்த இழப்பு உண்மையானது.

ஆனால் அந்த ஆறுதல் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: உள்ளே இருப்பவர் யாரென்று கண்டறிய முடிந்ததையெல்லாம் செய்தும் முடியாமல் போயிருக்க வேண்டும். 1921இல் முதல் உலகப் போரின் வீரரை அங்கே அடக்கம் செய்தபோது அந்த நிபந்தனை நிறைவேறியிருந்தது. 1984இல் நிறைவேறவில்லை. எலும்பிலிருந்து மரபணுவை ஒப்பிடும் வழி அன்று இல்லை; அதற்காக யாரையும் குறை சொல்ல இயலாது. 1980இன் கணிப்பு பிழையானதும் மன்னிக்கத்தக்கதே. ஐயம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதை பிளாசியின் தாயிடம் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். தேசத்துக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது என்பது அதற்கு ஈடான காரணம் ஆகாது. மகனைக் கொடுத்த குடும்பத்திடம் மகனைப் பற்றிய தகவலையும் தியாகமாகக் கேட்க எந்த அரசுக்கும் உரிமையில்லை.

1998 மே 14 அன்று கல்லறை திறக்கப்பட்டது. தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைத் தாயின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஜூலை 11 அன்று பிளாசி தம் ஊரான செயின்ட் லூயிஸில், ஜெஃபர்சன் பாரக்ஸ் கல்லறைத் தோட்டத்தில் சொந்தப் பெயரோடு அடக்கமானார். மெடல் ஆஃப் ஆனர் அவர் பெயருக்கு மாற்றப்படவில்லை. இந்த முடிவு குடும்பத்துக்கு வலித்திருக்கும், ஆனாலும் சரியானதே. அந்த விருது பெயரில்லாத எல்லாருக்குமாகத் தரப்பட்டது. ஆர்லிங்டனில் வியட்நாம் வீரருக்கான அறையில் வேறு யாரையும் வைக்கவில்லை. 1999இல், காணாமற்போன வீரர்களைப் போற்றி, அவர்களைக் கைவிடோம் என்று உறுதிசொல்லும் வாசகத்தைப் பொறித்து அதை வெறுமையாகவே மூடினார்கள். வேறு எலும்புகளைத் தேடி இட்டு நிரப்பாதது நேர்மையான செயல்.

பிளாசி குண்டு வீசப் போனவர். அவருக்குப் பெயர் மீட்டுத் தருவது அந்தப் போரை நியாயப்படுத்துவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஒருவர் இன்னார், இந்த நாளில், இந்த இடத்தில் இறந்தார் என்று சொல்வது புகழ்மாலை அல்ல. அது சாவைச் சாவாகக் கணக்கில் எழுதுவது. பெயரில்லாத வீரரைச் சுற்றித்தான் முழக்கங்கள் எளிதாகச் சேர்கின்றன.

அப்படியானால் அதே கணக்கு அந்தக் குண்டுகளுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் உண்டு. ஆன் லாக்கில் 1972இல் இறந்தவர்களின் பெரும் பொதுப்புதைகுழி ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கல் இல்லை. வியட்நாம் தரப்பில் உடல் கிடைக்காமலும் அடையாளம் தெரியாமலும் போன வீரர்கள் லட்சக்கணக்கில். ஆறு எலும்புக்காக ஒரு தேசத்தின் கல்லறையையே திறந்த நாடு, அவர்களைத் தேடும் பணிக்கு மரபணு ஆய்விலும் ஆவணங்களிலும் உதவ மிகத் தாமதமாகத்தான் முறையாக ஒப்புக்கொண்டது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுத்திருக்கக்கூடிய தாய்மாரில் எத்தனையோ பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சகோதரிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதே மரபணு அவர்களிடமும் உண்டு. அவர்களும் மறைவதற்குள் ரத்த மாதிரிகளைச் சேகரித்தாக வேண்டும்.