தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’ என்று ஒரு முதுகலை மாணவர் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கொண்டுவந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. எழுத உட்கார்ந்ததும் முன்னுரையில் தமிழின் தொன்மை ஒரு பக்கம் ஓடும். (அந்தப் பக்கம் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்.) பிறகு கிடைத்த நூல்களிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்ட வேண்டியதுதான். இதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவர் கண்ணில் பட்டதையெல்லாம் மூட்டை கட்டத்தான் செய்வார். இயல் பிரிப்பதும் பக்கம் ஒதுக்குவதும் திட்டமிடலில் பிந்தைய வேலை. தலைப்பைக் கேள்வியாக்குவதுதான் முதல் வேலை.

குறுந்தொகையை எடுத்துக்கொள்வோம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. ஒவ்வொன்றோடும் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். இந்தக் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பாடலை மட்டும் படித்தால், பேசுவது யார் என்று சொல்ல முடியுமா? இப்படிக் கேட்டதுமே வேலை வரிசைக்கு வந்துவிடுகிறது. 401ம் வேண்டாம், முதல் நூறு போதும். உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்துக்கொள்ளலாம். பாடலுக்கு ஓர் அட்டை: மேலே எண், நடுவில் பேசுபவரைக் காட்டிக்கொடுக்கும் சொல், கீழே குறிப்பு சொல்வது. ‘தோழி’ என்ற விளியைப் பார்த்ததும் பேசுவது தலைவி என்று எழுதத் தோன்றும். ஆனால் தோழியும் தலைவியை அப்படி அழைப்பதுண்டு. அந்த அட்டையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி விழுந்த அட்டைகளைத் தனியே அடுக்கினால் கட்டுரையின் நடு இயல் கைக்கு வந்துவிடும். எழுத்தையும் அங்கிருந்தே தொடங்கலாம். முன்னுரை கடைசியில் எழுத வேண்டியது.

படிக்காமல் கேள்வி எப்படிப் பிறக்கும் என்று கேட்பார்கள். நியாயம்தான். இரண்டு வாரம் மனம்போல் படிக்கட்டும். படிக்கப் படிக்கக் கேள்வி மாறினாலும் குற்றமில்லை. ஆனால் மாறுவதற்கு முதலில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். இவ்வளவு சின்னக் கேள்வியால் என்ன பயன் என்பது அடுத்த மறுப்பு. நூறில் பாதிக்குப் பேசுபவர் தெரியவில்லை என்றால், அகப்பாடல்களை நாம் குறிப்பின் தயவில்தான் படித்துவருகிறோமா என்று யோசிக்க வேண்டிவரும். எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரிந்தால் அதுவும் முடிவே. ‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’ என்ற கட்டுரை எந்த இடத்திலும் தப்பாகிப் போகாது. அதன் குறையே அதுதான். நெறியாளர்தானே தலைப்பைத் தருகிறார் என்றால், தலைப்பு அவருடையதாகவே இருக்கட்டும். கேள்வியை மாணவர் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்திடும் முன் ‘இதில் உன் கேள்வி என்ன?’ என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில் வரும்வரை தாளைத் திருப்பிக் கொடுங்கள்.