தாங்கல் கரைசலுக்கு நோக்கம் உண்டா?

வலிமை குறைந்த ஓர் அமிலமும் அதன் உப்பும் ஒரே நீரில் போதிய அளவு கலந்திருந்தால் அது தாங்கல் கரைசல். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் சேர்ந்தது பாடநூல்களில் வழக்கமாக வரும் உதாரணம். ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பிஎச் 7-இலிருந்து 2-க்கு விழும். லிட்டருக்கு 0.1 மோல் அசிட்டிக் அமிலமும் அதே அளவு அசிட்டேட்டும் உள்ள கரைசலிலோ 4.76 என்பது 4.67 ஆகும், அவ்வளவுதான். வந்து சேரும் ஹைட்ரஜன் அயனிகளை அசிட்டேட் பிடித்து அசிட்டிக் அமிலமாக்கிவிடுகிறது. காரம் சேர்ந்தால் அமில மூலக்கூறுகள் தம் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அதை நடுநிலையாக்குகின்றன.

பார்ப்பவருக்குக் கரைசல் தன் நிலையைக் காத்துக்கொள்வதாகவே தோன்றும். ஆனால் 4.67-க்கு இறங்கிய கரைசல் மறுபடி 4.76-க்கு ஏறுவதில்லை, இறங்கிய இடத்திலேயே நிற்கிறது. அசிட்டேட் தீர்ந்துபோனால் பிஎச் மளமளவென்று சரியும், கரைசல் வேறு வழி தேடாது. அமிலத்துக்கும் உப்புக்கும் உள்ள விகிதம் எதுவோ அதற்கான எண் அமைகிறது. இதில் நோக்கத்துக்கு இடமே இல்லை.

இரத்தத்தில் கதை வேறு. அதன் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. அங்கே முதன்மையான இணை பைகார்பனேட்டும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும். ஹார்வர்டின் லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908-இல் இதற்கான சமன்பாட்டை எழுதினார். டென்மார்க்கின் ஹாசல்பால்க் பின்னர் அதை மடக்கை வடிவுக்கு மாற்றினார். வேதியியல் கண்ணோடு மட்டும் பார்த்தால் இது மோசமான தேர்வு. இந்த இணை 6.1-ஐ ஒட்டியே நன்றாகத் தாங்கும், 7.4-இல் பைகார்பனேட் இருபது பங்கு, மற்றது ஒரே பங்கு. குறையை ஈடுகட்டுபவை உறுப்புகள். அமிலம் கூடினால் மூளைத் தண்டிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள உணர்விகள் மூச்சை விரைவாக்குகின்றன, நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் மெதுவாகப் பைகார்பனேட்டைச் சரிசெய்கிறது. குடுவையில் நடக்காதது இங்கே நடக்கிறது: விலகிய மதிப்பு திரும்பக் கொண்டுவரப்படுகிறது. இதை நோக்கம் என்று சொல்லலாம், ஆனால் அதற்கு விருப்பமோ விழிப்போ தேவையில்லை. உறங்குபவரிடமும் அது நடக்கிறது. அது எப்படி வந்தது என்பதை இயற்கைத் தேர்வு விளக்கிவிடும்.

இயற்கைத் தேர்வு எட்டாத இடத்தை ஹெண்டர்சன் 1913-இல் வெளியிட்ட ‘சூழலின் பொருத்தம்’ என்ற நூலில் தொட்டார். கார்பன் டை ஆக்சைடு ஒரு வாயு. சாதாரண வெப்பநிலையில் நீரும் காற்றும் அதை ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. கரைந்தால் வலிமை குறைந்த அமிலமாகிறது. மூன்றும் ஒருங்கே அமைந்ததால்தான் மூச்சு இரத்தத்தைத் திருத்த முடிகிறது. இப்பண்புகள் உயிருக்கு முந்தியவை. எந்தப் போட்டியிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. உயிராற்றல் என்ற தனி விசையை ஹெண்டர்சன் ஏற்கவில்லை. இருந்தும் பிரபஞ்சத்தின் சாரமே உயிரை மையமாகக் கொண்டது என்று உயிரியலாளர் கருதலாம் என்றார்.

அவர் காட்டிய பொருத்தம் உண்மை, முடிவுதான் நெருடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரபஞ்சம் கையில் இல்லை. உயிருக்கு இடமில்லாத பிரபஞ்சத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆள் இருக்காது. கார்பானிக் அமிலத்தின் வலிமையை அதன் மூலக்கூற்று அமைப்பும் அதைச் சூழ்ந்த நீரும் தீர்மானிக்கின்றன. மூச்சு விடுபவர் யாரும் இல்லாத கோளிலும் அதே நிலைமையில் அந்த வலிமை அதேதான். அந்த அமைப்பு வேறாக இருந்திருக்க முடியுமா என்பது மெய்யியலாரின் வழக்கு. அதற்கு ஆய்வகத்தில் சாட்சி கிடையாது.