கண்ணாடிக்கு எத்தனை கதிர்கள் போதும்?

கண்ணாடிக்கென்று சொந்தத் தோற்றம் கிடையாது. மரத்துக்கு நிறமும் வரியும் உண்டு. செங்கல்லுக்குச் சொரசொரப்பு உண்டு. மேசைமேல் நிற்கும் கண்ணாடி டம்ளரில் நாம் பார்ப்பதெல்லாம் அதன் பின்னாலும் பக்கத்திலும் இருப்பவற்றைத்தான்: வளைந்து தெரியும் ஜன்னல், நெளிந்து போன மேசை விளிம்பு, துண்டு விளக்கொளி. கணினி அனிமேஷன்காரர்களுக்குக் கண்ணாடி தொடக்கம் முதலே செலவு வைக்கும் பொருளாக இருப்பது இதனால்தான். டம்ளரைக் காட்ட வேண்டுமென்றால் அறையையே காட்ட வேண்டும். அதையும் டம்ளரின் வளைவுக்குள் புகுந்து வெளிவந்த நிலையில் காட்ட வேண்டும்.

செலவு எவ்வளவு என்று பார்ப்போம். திரைப்படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம்கள். 90 நிமிடப் படத்துக்கு 1,29,600 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது கணக்கிட்டுப் படமாக்க, ஒரு மணி நேரம் என்றால், ஒற்றைக் கணினி ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஓட வேண்டும். ஸ்டூடியோக்கள் கணினிகளை அடுக்கடுக்காக வைத்து இதைச் சமாளிக்கின்றன. தனியாளுக்கும் சிறு குழுவுக்கும் அந்த வசதி கிடையாது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒளி செய்யும் வேலைகளில் எதை விட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது?

பதில் சொல்ல, ஒளி செய்யும் வேலையை முதலில் அறிய வேண்டும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் கதிர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு எதிரொளித்துத் திரும்புகிறது. மற்றது வளைந்து உள்ளே போகிறது. எவ்வளவு வளையும் என்பதை ஒளிவிலகல் எண் தீர்மானிக்கிறது. தண்ணீருக்கு அது 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. எவ்வளவு திரும்பும் என்பது கோணத்தைப் பொறுத்தது. கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒரு பரப்பில் 4 விழுக்காடு ஒளிதான் திரும்பும். பார்வை சாயச் சாய அது ஏறி, பரப்பை ஒட்டிப் பார்க்கும்போது கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். டம்ளரின் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் பளிச்சென்றும் இருப்பது இதனால்தான். இதன் முழுச் சூத்திரம் ஃபிரெனல் 19ஆம் நூற்றாண்டில் தந்தது. அதற்குப் பதிலாக 1994இல் கிறிஸ்டோஃப் ஷ்லிக் ஓர் எளிய தோராயத்தைக் கொடுத்தார். அதில் முக்கியமாக வருவது ஓர் ஐந்தாம் அடுக்குக் கணக்குதான். சாதாரணக் கண்ணாடியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கண்ணாடியை வேகமாக ரெண்டர் செய்வதன் முதல் பாடம் இதிலேயே இருக்கிறது.

கண்ணாடிக்குள்ளிருந்து வெளியேறும்போது இன்னொரு விதி குறுக்கிடுகிறது. சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து பரப்பைத் தொடும் கதிர் வெளியே வரவே முடியாது. முழு அக எதிரொளிப்பாக உள்ளேயே திரும்பும். தடித்த அடிப்பாகமுள்ள டம்ளரின் அடியில் வெள்ளியும் கறுப்புமாகப் பட்டைகள் தெரிகின்றனவே, அவை இந்தக் கதிர்களின் வேலை.

இவற்றையெல்லாம் ஒரே நிரலுக்குள் கொண்டுவந்தவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டர்னர் விட்டட். 1980இல் வெளியான அவரது கட்டுரையின் வழி எளிமையானது. கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரைப் பின்னோக்கி அனுப்பு. கண்ணாடியைத் தொட்டால் இரண்டாகப் பிரி. ஒவ்வொன்றையும் மறுபடி பின்தொடர். கட்டம் போட்ட தரைமேல் கண்ணாடி உருண்டை மிதக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் ஒன்றுக்கே வாக்ஸ் 11/780 கணினி 74 நிமிடம் எடுத்துக்கொண்டது. காரணம், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். எட்டாம் படியில் ஒரு பிக்சலுக்கு 256 கதிர்கள்.

அதனால் திரைப்படத் துறை ரே டிரேசிங் எனப்படும் இந்த வழியை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. 1995இல் வந்த பிக்சாரின் ‘டாய் ஸ்டோரி’ கதிர்களைப் பின்தொடராத முறையில் ரெண்டர் ஆன படம். சுற்றுப்புறத்தை ஒரு படமாக முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, அதையே பளபளப்பான பரப்புகளில் ஒட்டுவது அன்றைய வழக்கம். 1998இல் ‘எ பக்ஸ் லைஃப்’ படத்தில் கண்ணாடிப் புட்டி வரும் காட்சிக்காக வேறொரு ரே டிரேசிங் மென்பொருளைத் துணைக்கு அழைத்தார்கள். பிக்சாரில் ரே டிரேசிங் பரவலாகப் புழங்கியது 2006இன் ‘கார்ஸ்’ படத்தில்தான்.

இன்றைய ரெண்டரர்கள் பெரும்பாலும் கதிரை இரண்டாகப் பிரிப்பதில்லை. 1986இல் ஜேம்ஸ் கஜியா முன்வைத்த பாத் டிரேசிங் முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு தொடுதலிலும் ஏதாவது ஒரு திசையைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கின்றன. நேர்ப்பார்வையில் நூற்றுக்கு நான்கு முறை எதிரொளிப்பு, மீதி விலகல். கதிர் பெருகுவதில்லை, பதிலுக்குப் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது. அதைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள், அதாவது பிக்சலுக்கு நான்கு மடங்கு கதிர்கள், வேண்டும். ஆகவே, சாம்பிளைக் கூட்டிக்கொண்டே போவது எப்போதும் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, சுற்றுப்புறம். விளக்கு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத கறுப்பு வெளியில் வைத்த கண்ணாடி, கணக்கு முழுவதும் சரியாக இருந்தாலும் கறுப்பாகத்தான் தெரியும். பொருள்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர்கள் பின்னால் வெளிச்சமான திரையும், படச்சட்டத்துக்கு வெளியே இரு பக்கமும் கறுப்பு அட்டையும் வைப்பார்கள். டம்ளரின் ஓரங்களில் கறுப்புக் கோடு விழுந்து வடிவம் எடுத்துக்கொடுக்கும். கணினியிலும் அதே அட்டைகளை வைக்கலாம். இதனால் ரெண்டர் நேரம் கூடுவது மிகக் குறைவு.

இரண்டாவது, ஆழம். வெறும் டம்ளரைக் கடக்கவே ஒரு கதிர் நான்கு பரப்புகளைத் தாண்ட வேண்டும்: முன்சுவருக்கு இரண்டு, பின்சுவருக்கு இரண்டு. கதிர் தாண்டக்கூடிய பரப்புகளின் வரம்பை மூன்றில் வைத்தால் கதிர் உள்ளேயே சாகும். அந்த இடம் கறுக்கும். புதியவர்கள் பலரும் இதைப் பார்த்துவிட்டு விளக்கைக் கூட்டுவார்கள், பயனிருக்காது. பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் ஊடுருவலுக்கான இயல்பு வரம்பு 12. காட்சியில் அடுத்தடுத்து நிற்கும் கண்ணாடிகளின் பரப்புகளை எண்ணி, மேலே சற்று இடம் விட்டு வைத்தால் போதும்.

மூன்றாவது, தட்டையான கண்ணாடி. 4 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடி வழியாக 45 பாகை சாய்வில் பார்த்தால், பின்னாலிருக்கும் காட்சி ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். தெருவிலிருந்து கட்டடத்தைக் காட்டும் ஷாட்டில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? அங்கே விலகலை முற்றாக நீக்கிவிட்டு, எதிரொளிப்பையும் ஊடுருவலையும் மட்டும் கலந்தால் போதும்.

நான்காவது, நிழல். நேரம் அதிகமாக வீணாவது இங்கேதான். தரையிலுள்ள ஒரு புள்ளிக்கு வெளிச்சம் வருகிறதா என்று அறிய, ரெண்டரர் அங்கிருந்து விளக்கை நோக்கி நேர்கோடு இழுக்கிறது. நடுவே கண்ணாடி நின்றால் மறைக்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. செங்கல்லின் நிழல் போல இருட்டு விழுகிறது. உண்மையில் ஒளி வளைந்து வந்து தரையில் பளீரென்று குவியும். காஸ்டிக்ஸ் எனப்படும் அந்த ஒளிக்கோலத்தைக் குலுக்கல் முறையில் பிடிப்பது அரிது. விளக்கு சிறிதாகச் சிறிதாக வாய்ப்பும் குறையும். 1990களில் ஹென்ரிக் வான் ஜென்சன் விளக்கிலிருந்தே ஃபோட்டான்களை எறிந்து தரையில் சேகரிக்கும் முறையைத் தந்தார். அவசரக்காரர்களுக்கு வேறு வழி உண்டு: நிழல் கதிர்களுக்கு மட்டும் கண்ணாடியை வெறும் நிறமேறிய ஒளிபுகு பொருளாகக் காட்டுவது, ஓரங்களை மட்டும் சற்று இருட்டாக்குவது. ஒளிக்கோலம் வேண்டுமென்றால் ஒரு படமாக வரைந்து விளக்கு வழியாகத் தரையில் பாய்ச்சலாம்.

சிக்கனம் கூடாத இடமும் ஒன்று உண்டு: டம்ளருக்குள் தண்ணீர். கண்ணாடியும் தண்ணீரும் சேரும் பரப்பில் நேர்ப்பார்வைக்குத் திரும்பும் ஒளி 0.4 விழுக்காடு கூட இல்லை. இரண்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விட்டு மாடல் செய்தால், அங்கே காற்று புகுந்ததாகக் கணக்காகி, பத்து மடங்குக்கு மேல் எதிரொளித்து, தண்ணீரைச் சுற்றி வெள்ளி உறை போட்டது போல் காட்டும். எந்தப் பார்வையாளரும் இதில் ஏமாறமாட்டார். தண்ணீரின் பரப்பு கண்ணாடிச் சுவருக்குள் இம்மியளவு புகுந்திருக்கும்படி செய்வது வழக்கமான தீர்வு.

கடைசியாக டீநாய்சர். குறைந்த சாம்பிளில் எடுத்த படத்தை இது துடைத்துத் தருகிறது. ஆனால் கண்ணாடியில் கவனம் வேண்டும். துணையாகக் கொடுக்கும் நிற, பரப்புத் தகவல்கள் கண்ணாடியின் மேற்பரப்போடு நின்றுவிட்டால், பின்னால் தெரியும் பொருள்கள் குழம்பிப்போகும். கதிர் கண்ணாடியைத் தாண்டிச் சென்று தொடும் பொருளின் தகவலைக் கொடுப்பதே சரி. அசையும் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் வெவ்வேறாகத் துடைக்கப்பட்டு மினுமினுக்கவும் கூடும். ஒற்றைப் படத்தில் இது தெரியாது. சில நொடிகளையாவது ஓடவிட்டுப் பார்த்த பிறகே முழு ரெண்டருக்குப் போக வேண்டும்.

2018 முதல் கதிர்களுக்கென்றே தனிப் பகுதிகளுடன் கிராஃபிக்ஸ் அட்டைகள் வருகின்றன. வேகம் இன்னும் கூடும். ஆனாலும் கறுப்பு வெளியில் நிற்கும் டம்ளரை எந்த அட்டையும் காப்பாற்றாது. ஓரத்தின் பளபளப்பு, பின்னணியின் நெளிவு, ஒளி புகுந்த நிழல் ஆகிய மூன்றையும் கண் தேடும். இவற்றுக்கு நேரத்தைக் கொடுங்கள். மீதியில் தாராளமாகக் கை வையுங்கள்.