கோபப்பட்டது நானா, என் அணுக்களா?

காலை நேரப் பரபரப்பில் குழந்தையிடம் சுள்ளென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அது பள்ளிக்கூடம் போன பிறகு மனசு கிடந்து தவிக்கிறது. 'சொன்னது நான்தானே!' என்ற எண்ணம்தான் அந்தத் தவிப்புக்குக் காரணம். ஆனால், இயற்பியல் அறிஞர்களில் ஒரு சாரார் சொல்வதைக் கேட்டால், இந்த எண்ணமே ஆட்டம் கண்டுவிடும்!

உடல் செல்களால் ஆனது. செல்கள் அணுக்களால் ஆனவை. அணுவுக்குள்ளே இன்னும் சிறிய துகள்கள். உலகில் நடக்கும் அனைத்துக்கும் அடிப்படைக் காரணம் இந்தத் துகள்களே என்பது அவர்கள் கட்சி. 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே போனால் விளக்கம் எப்போதும் கீழ்நோக்கியே போகும் என்றார், நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் வெயின்பர்க். அப்படியென்றால், கோபப்பட்டது நானா, துகள்களா?

இதற்கு மறுப்பும் அறிவியலுக்குள்ளேயே உண்டு. பல சேரும்போது, தனித்தனியாக இருந்தபோது இல்லாத புதிய தன்மைகள் பிறக்கின்றன என்று 1972-ல் எழுதினார் பிலிப் ஆண்டர்சன். இவரும் 1977-ல் நோபல் பரிசு பெற்றவர். தென்னாப்பிரிக்க அறிஞர் ஜார்ஜ் எல்லிஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பகுதிகள் முழுமையை உண்டாக்குவது போலவே, முழுமையும் பகுதிகளை நடத்துகிறது என்கிறார்.

நியூட்ரான் என்ற துகளைப் பாருங்கள். தனியாக விட்டால், சராசரியாக 15 நிமிடங்களுக்குள் சிதைந்துவிடும். அதுவே ஹீலியம் அணுவின் கருவுக்குள் இருந்தால் சிதைவதே இல்லை! சேர்ந்த இடம் அதன் ஆயுளையே மாற்றிவிடுகிறது.

'இதையும் துகள்களின் விதிகளைக் கொண்டே கணக்கிடலாமே' என்பார்கள் எதிர்த்தரப்பினர். உண்மைதான். ஆனால், அது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதைச் சேர்க்காமல் அந்தக் கணக்குக்கு விடை வராதே! வழக்கு இன்னும் தீரவில்லை.

வாசலில் கோலம் போடுகிறோம். மாவின் ஒவ்வொரு துகளும் புவியீர்ப்பு விதிப்படிதான் விழுகிறது. ஒன்றுகூட விதியை மீறுவதில்லை. ஆனாலும், எது எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது நம் மனத்தில் இருக்கும் கோலம் அல்லவா?

பழியை அணுக்களின் மேல் போட்டுவிட்டால் மனபாரம் குறையலாம். ஆனால், மாலையில் குழந்தை வீடு திரும்பும்போது, 'தப்பு என் மேலதான்டா கண்ணா' என்று சொல்லி அணைத்துக்கொள்ள யார் இருப்பார்கள்? அதற்கு 'நான்' வேண்டும். தவறுக்குப் பொறுப்பேற்கும் அந்த 'நான்'தான், நாளை திருந்தவும் போகிறது!