சில்லின் குற்றம்

ஜோர்ஜ் என்ற பெயருடைய நான்கு மன்னர்கள் 1714 இலிருந்து 1830 வரை அடுத்தடுத்து இங்கிலாந்தை ஆண்டார்கள். அந்த நாட்களில் சாமான் ஏற்றிய குதிரை வண்டில்களை ஓட்டுபவன் குதிரைக்குப் பக்கத்தில் நடந்து வரவேண்டும். களைத்துப் போனால் முன்தண்டில் ஏறிக் குந்துவான். கண்ணயர்ந்து கீழே விழுவான். சில்லு அவன்மேல் ஏறிப் போய்விடும். அக்காலத்து மரண விசாரணைகளில் இத்தகைய சாவு ஒன்றும் புதினமல்ல.

செய்தி மரண விசாரணை அதிகாரிக்குப் போகும். 1194 ஆம் ஆண்டிலிருந்து உள்ள பதவி அது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு விசாரணைக்கு 20 ஷிலிங்கும், பயணத்துக்கு மைலுக்கு 9 பென்ஸும் என்று சட்டம் அவருக்குக் கூலி வகுத்தது. அயலவர்களில் குறைந்தது பன்னிரண்டு ஆண்கள் ஜூரிகளாகக் கூட்டப்படுவர். இதற்கென்று தனி மண்டபம் கிடையாது. பெரும்பாலும் தவறணையில்தான் கூடுவார்கள். சத்தியம் செய்தபின் எல்லோரும் எழுந்துபோய்ப் பிரேதத்தைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கவேண்டும். பார்க்காத விசாரணை செல்லாது. இறந்தவன் யார், எங்கே, எப்படி இறந்தான் என்பதை அவர்கள் சொல்லவேண்டும்.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லவேண்டியிருந்தது: சாவுக்குக் காரணமான பொருள் எது, அதன் விலை என்ன? அந்தப் பொருள் அரசுக்குப் பறிமுதலாகும். 'ஆண்டவனுக்குக் கொடுக்கப்பட்டது' என்பது அதற்கு இருந்த பழைய லத்தீன் பெயரின் பொருள். 1765 இல் சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரன் இதன் கணக்கை விளக்கியிருக்கிறார். நின்ற வண்டிலின் சில்லில் ஏறப்போய் விழுந்து செத்தால் சில்லு மட்டும் பறிமுதல். ஓடிய வண்டிலென்றால் சில்லும் வண்டிலும் ஏற்றிய சாமானும் சேர்ந்து பறிமுதல்.

இதை முதலில் வாசித்தபோது சிரிப்பு வந்தது. சில்லுக்குக் குற்றமா? எங்களுக்கு மனுநீதிச் சோழன் ஞாபகத்துக்கு வருவான். கன்று தேர்ச்சில்லில் அகப்பட்டுச் செத்தபோது அமைச்சர்கள் பரிகாரம் சொன்னார்கள். மன்னன் ஏற்கவில்லை. மகனையே சில்லின் கீழ் கிடத்தினான். எங்கள் கதை 'யார்' என்று கேட்டது. அவர்களது சட்டம் 'எது' என்றும் கேட்டது.

அந்த 'எது' பல வேளைகளில் நழுவல்தான். ஜூரிகள் அடிக்கடி ஒரு ஷிலிங் என்று விலை போட்டார்கள். வண்டிற்காரனின் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்ற அயலவரின் இரக்கம் அதில் இருந்தது. ஆனால் செத்தவனின் மனைவிக்கு அந்த ஒரு ஷிலிங்கும் போகாது. பின்னர் புகையிரதம் வந்தது. 1841 டிசம்பர் 24 இல், ரெடிங் நகருக்கு அண்மையில் சொனிங் என்ற இடத்தில், திறந்த பெட்டிகளில் ஏற்றப்பட்ட ஏழைப் பயணிகள் செத்தபோது, ஜூரிகள் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் ஆயிரம் பவுண் விலை போட்டார்கள். அந்தத் தொகை பிறகு நிலைக்கவில்லை. 1846 இல் அந்தப் பழைய சட்டமே நீக்கப்பட்டது. அதே ஆண்டில் இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் ஒரு ஷிலிங்காக இருந்தவரை நூற்றாண்டுக் கணக்கில் யாரையும் உறுத்தாத சட்டம், விலை ஏறியதும் ஐந்தே வருடத்தில் போய்விட்டது.

பறிமுதல் போனது, விசாரணை போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். 'தற்செயலான மரணம், ஒருவர்மேலும் குற்றமில்லை' என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? வந்து, பார்த்து, சாட்சிகளைக் கேட்டவர்களுக்குத்தான். கேட்காமலே சொல்லப்படும் 'தற்செயல்' ஒரு தீர்ப்பல்ல, அது மூடிமறைப்பு.

ஆனால் எல்லோருடைய சாவும் அப்படிக் கேட்கப்படவில்லை. 1781 இல் சோங் என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகள் உயிரோடு கடலில் எறியப்பட்டார்கள். 1783 இல் லண்டன் நீதிமன்றத்துக்கு அது கொலை வழக்காக வரவில்லை, காப்புறுதிப் பண வழக்காக வந்தது. வண்டிற் சில்லைக்கூடக் குற்றவாளியாக்கத் தெரிந்த தேசம், மனிதரைச் சாமானாக எண்ணிய இடத்தில் கேள்வியைக் கைவிட்டது.

இந்த விசாரணை முறையை ஆங்கிலேயர் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். பனையால் விழுந்தாலும், கிணற்றில் விழுந்தாலும், பஸ் அடித்தாலும் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' வரவேண்டும் என்பது எங்கள் கிராமங்களில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 1983 ஜூனில் அவசரகால ஒழுங்குவிதி 15 அ வந்தது. பாதுகாப்பு அமைச்சின் செயலாளருடைய அனுமதி இருந்தால், படையினரால் கொல்லப்பட்டவர்களின் உடல்களை விசாரணையின்றியே புதைக்கலாம், எரிக்கலாம் என்றது அது. அடுத்த மாதம் நடந்தது எங்களுக்குத் தெரியும். அதன்பின் காணாமற் போனவர்களுக்கோ, பார்ப்பதற்கு உடலே இல்லை.

குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும் என்றுதான் நாங்கள் எப்போதும் பேசுகிறோம். அது நியாயம். அதற்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. அந்த இங்கிலாந்துப் பதிவுகளில் சிலவற்றில் இறந்தவரின் பெயர் இருக்காது; 'அடையாளம் தெரியாத ஆண்' என்று மட்டும் இருக்கும். எங்கிருந்து வந்தவன், எவருடைய பிள்ளை என்று தெரியாத அந்த மனிதனுக்காகவும் பன்னிரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவந்து, அவன் முகத்தைப் பார்த்து, எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள்.

எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் எங்களுக்குத் தெரியும். அவர்களை வந்து பார்க்க அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே?